கையில் காசு குறைவா? இங்கிலாந்தில் என்எச்எஸ் பல் வைத்தியம் பெறும் வழி

இங்கிலாந்துக்கு வந்து வருடக்கணக்கான பிறகும் நம்மவர்கள் பலர் பல்லுக்கொதியைப் பனடோல் போட்டு அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஏன் பல் வைத்தியரிடம் போகவில்லை என்று கேட்டால், "அங்கே போனால் ஆயிரம் பவுண் வருமாம்" என்பதுதான் பதில். தனியாரிடம் போனால் அப்படி வரலாம். அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ் வழியாகப் போனால் வராது. வருமானம் குறைவாக இருந்தால் ஒரு சதமும் கட்டாமலே பல் அடைக்கலாம், பிடுங்கலாம், கட்டுப்பல்கூட வைக்கலாம். அதற்கு வேண்டிய தாளைச் சரியான நேரத்தில் கையில் வைத்திருப்பதுதான் முக்கியம்.

என் மனைவியின் கடைவாய்ப்பல்லுக்காக இந்த வழி முழுவதையும் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு தகவலும் ஒவ்வொரு மூலையில் கிடந்தது. பாதியைப் படிவத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன், மீதியை ரிசப்ஷனில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் கட்டண முறை வேறு. அங்கே இருப்பவர்கள் இந்தத் தொகைகளை நம்பிப் போகாதீர்கள்.

1. முதலில் கட்டணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

என்எச்எஸ் பல் வைத்தியத்துக்கு மூன்று படிக் கட்டணம் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த தொகைகள் இவை. ஏப்ரல் மாதத்தில் இவை கூடுவது வழக்கம் என்பதால், போகும்போது அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி 27.40 பவுண்: பரிசோதனை, எக்ஸ்ரே, வைத்தியர் அவசியம் என்று கருதினால் பல் சுத்தம் செய்தல். அவசரச் சிகிச்சைக்கும் இதே தொகைதான்.

இரண்டாம் படி 75.30 பவுண்: பல் அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல் பிடுங்குதல்.

மூன்றாம் படி 326.70 பவுண்: கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை), பிரிட்ஜ் (பக்கத்துப் பல்லோடு இணைத்து வைக்கும் செயற்கைப் பல்), கட்டுப்பல்.

பலருக்குத் தெரியாத விஷயம், இது பல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு அல்ல. ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு ஒரே கட்டணம். ஒரே சுற்றில் மூன்று பல் அடைத்து, ஒன்றைப் பிடுங்கினாலும் 75.30தான். அதற்குள் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அடங்கும். முதல் படி 27.40ஐயும் இரண்டாம் படி 75.30ஐயும் கூட்டிக் கேட்டால், ஏன் என்று கேளுங்கள். சுற்று முடிந்து இரண்டு மாதத்துக்குள் அதே படியிலோ அதற்குக் கீழான படியிலோ இன்னும் வேலை தேவைப்பட்டால் மறுபடி கட்டணம் இல்லை. அடைத்த பல்லோ கிரவுனோ 12 மாதத்துக்குள் கழன்றால், பெரும்பாலும் அதே இடத்தில் இலவசமாகத் திருத்தித் தர வேண்டும். கட்டுப்பல் உடைந்தால் திருத்துவதற்கும், தையல் பிரிப்பதற்கும் கட்டணம் கிடையாது.

2. நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று பாருங்கள்

சிலருக்குத் தனியாக விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழானவர்கள், 19 வயதுக்குக் கீழ் முழுநேரம் படிப்பவர்கள், கர்ப்பிணிகள், கடந்த 12 மாதத்துக்குள் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் இலவசம். கர்ப்பிணிகள் மிட்வைஃபிடமோ ஜி.பி.யிடமோ (குடும்ப வைத்தியர்) சொல்லி மகப்பேற்று விலக்குச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டில் 'கேரண்டி' பகுதி பெறுபவர்களுக்கும் இலவசம்.

யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க உதவித்தொகை) எடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட் வருகிறது என்பதற்காக மட்டும் பல் வைத்தியம் இலவசமாகிவிடாது. கடைசியாக முடிந்த கணிப்பு மாதத்தில் (உங்கள் கிரெடிட்டைக் கணக்கிடும் மாதம்) உங்கள் கைக்கு வந்த சம்பளம் 435 பவுணோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். உங்கள் கிரெடிட்டில் பிள்ளைக்கான பகுதி இருந்தாலோ, உடல்நிலையால் வேலை செய்யும் திறன் குறைவு என்று முடிவு செய்யப்பட்டிருந்தாலோ, அந்த எல்லை 935 பவுண். கணவன் மனைவி சேர்ந்து எடுத்தால் இருவர் சம்பளத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்களுக்கு வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதத்தை அடுத்துச் சிகிச்சை தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். பரிசோதனைக்கு நாள் குறிக்கும் முன் ஒன்லைன் கணக்கைத் திறந்து, போன மாத அறிக்கையில் சம்பளத் தொகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்தும் வையுங்கள்.

இனி, தகுதி இருக்கிறது என்று நம்மவர்கள் தவறாக நினைக்கும் இடங்கள்:

விசாவுக்கு ஐ.எச்.எஸ். என்ற சுகாதாரக் கட்டணத்தைக் கட்டிவிட்டோம், அதனால் எல்லாம் இலவசம் என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு 1,035 பவுண் (மாணவருக்கு 776) கட்டியிருந்தாலும் பல்லுக்கு இங்கே உள்ளவர்களைப் போலவே நீங்களும் கட்ட வேண்டும்.

60 வயதானவர்களுக்கு மருந்துச்சீட்டும் கண் பரிசோதனையும் இலவசம். பல் இலவசம் இல்லை.

நீரிழிவுக்காகக் கிடைக்கும் மருத்துவ விலக்கு அட்டை மருந்துக்கு மட்டும்தான். நம் சமூகத்தில் இந்த அட்டை இல்லாத வீடே குறைவு. அதைப் பல் வைத்தியரிடம் நீட்டிப் பயனில்லை. மருந்துக்கு முன்பணம் கட்டி எடுக்கும் சான்றிதழும் அப்படித்தான்.

பிப் எனப்படும் ஊனமுற்றோர் உதவித்தொகையை மட்டும் வைத்தும் இலவசம் கிடைக்காது.

இந்தப் பிரிவுகள் எதிலும் வராமல், ஆனால் வருமானம் குறைவாக இருந்தால் மனம் தளர வேண்டாம். உங்களுக்கானதுதான் அடுத்த படி.

3. எச்.சி.1 படிவம்

குறைந்த வருமானக்காரருக்கான என்எச்எஸ் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் படிவம் இது. என்எச்எஸ் பிஸினஸ் சேர்விசஸ் அதோரிட்டி என்ற அமைப்பு இதைக் கையாள்கிறது. அவர்களது தளத்தில் ஒன்லைனிலும் விண்ணப்பிக்கலாம், காகிதப் படிவத்தை வரவழைத்தும் அனுப்பலாம். ஜொப்சென்ரரிலும் சில ஆஸ்பத்திரிகளிலும் படிவம் கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை. உங்களுக்கு இதை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களில் சும்மாவே உதவுவார்கள்.

முடிவு இரண்டு விதமாக வரும். எச்.சி.2 வந்தால் முழு விலக்கு: பல், மருந்து, கண் பரிசோதனை எல்லாம் இலவசம், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவைக்கூடத் திரும்பப் பெறலாம். எச்.சி.3 வந்தால் பகுதி விலக்கு. நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதில் 40 பவுண் என்று இருந்தால், 75.30 கட்டணத்தில் நீங்கள் 40ஐக் கட்டினால் போதும். ஆனால் 27.40 வந்தால் அது 40ஐ விடக் குறைவு என்பதால் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான்.

'பொது நிதி கிடையாது' என்று விசாவில் இருக்கிறதே, இதைக் கேட்டால் விசாவுக்குப் பாதிப்பா என்று பல மாணவர்களும் வேலை விசாக்காரரும் பயப்படுகிறார்கள். யூனிவர்சல் கிரெடிட் பொது நிதிப் பட்டியலில் உண்டு, அதை நீங்கள் எடுக்கக் கூடாது. எச்.சி.1 திட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. தயங்காமல் விண்ணப்பியுங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் இதைத்தான் நீங்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். தகுதியிருந்தும் பயத்தால் விடுபவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம்.

அகதித் தஞ்சம் கோரி, ஹோம் ஒஃபிஸ் உதவியில் இருப்பவர்களுக்கு எச்.சி.2 தபாலில் தானாக வரும். அந்தக் கடிதத்தை வேறு தாள்களோடு கலக்க விடாதீர்கள். வரவில்லை என்றாலோ காலம் முடிந்துவிட்டாலோ மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்பைக் கேளுங்கள்.

சேமிப்பு எல்லை 16,000 பவுண். முதியோர் இல்லத்தில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு இது 23,250. கணவன் மனைவி இருவரின் சேமிப்பும் சேர்த்தே பார்க்கப்படும். குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. ஆனால் வேறு வீடோ காணியோ இருந்தால் அது ஊரில் இருந்தாலும் கணக்கில் வரும், மறைக்காமல் எழுத வேண்டும். மாணவர்களுக்கு ஒரு யோசனை: கல்லூரிக் கட்டணத்துக்காக வந்த பெரிய தொகை வங்கியில் கிடக்கும்போது விண்ணப்பித்தால் எல்லையைத் தாண்டியதாகத்தான் தெரியும். கட்டணத்தைக் கட்டிய பிறகு விண்ணப்பியுங்கள்.

சேர்த்து வைக்க வேண்டியவை: இருவரதும் அண்மைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வாடகை ஒப்பந்தம் அல்லது வாடகை கட்டிய சான்று, கவுன்சில் டெக்ஸ் கடிதம், தேசியக் காப்புறுதி எண், பெனிஃபிட் எடுத்தால் அதன் கடிதம், மாணவரானால் கல்லூரிக் கடிதமும் உதவித்தொகை விவரமும். வாடகையும் கவுன்சில் டெக்ஸும் உங்கள் பக்கத்துக்குப் பலம் சேர்க்கும் செலவுகள். வருமானத்தைத் தனியாகப் பார்க்காமல் இந்தச் செலவுகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே ஒரு அறையில் வாடகைக்கு இருந்து கையில் காசாகக் கொடுப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமாவது வாங்கி வையுங்கள். சம்பளம் கூடுதல் என்று நீங்களே முடிவு கட்டி விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள், லண்டன் வாடகைக்கு எச்.சி.3ஆவது வர இடமுண்டு.

தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் விடுபட்ட கட்டங்கள். உங்களுக்குப் பொருந்தாத கேள்வியை வெறுமையாக விடாமல் 'இல்லை' என்று நிரப்புங்கள். கையொப்பமிட மறக்காதீர்கள். அனுப்பும் முன் எல்லாப் பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள். முடிவு வரச் சில கிழமைகள் ஆகும். மேலதிகத் தாள் கேட்டு அவர்கள் எழுதினால் இன்னும் நீளும். பல்லுக்கொதி வந்த பிறகு இதைத் தொடங்கினால் மினக்கேடு. இன்றைக்கு வலி இல்லாவிட்டாலும் இன்றே அனுப்புங்கள். சான்றிதழுக்கு முடிவுத் தேதி உண்டு, அது தானாகப் புதுப்பிக்கப்படாது. அந்தத் தேதிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பாக ஃபோனில் நினைவூட்டல் வைத்து மறுபடி விண்ணப்பியுங்கள்.

4. பல் வைத்தியரைப் பிடிப்பது

உண்மையில் கடினமான படி இதுதான். ஜி.பி. போலப் பல் வைத்தியருக்கு முகவரி எல்லை கிடையாது. ஈஸ்ட்ஹாமில் இருப்பவர் ஹரோவில் போய்க் காட்டலாம். என்எச்எஸ் தளத்தில் பல் வைத்தியரைத் தேடும் பக்கத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பட்டியல் வரும். ஒவ்வொருவரின் பெயருக்கும் கீழே புதிய நோயாளிகளை எடுக்கிறார்களா என்று இருக்கும். பெரியவர்கள், பிள்ளைகள், இலவசச் சிகிச்சைக்கு உரித்தான பெரியவர்கள் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். எச்.சி.2 உள்ளவர்கள் அந்தக் கடைசி வரியையும் பாருங்கள். சில இடங்களில் உங்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கும்.

தளத்தில் 'எடுக்கிறோம்' என்று இருக்கும், ரெலிபோன் எடுத்தால் 'தனியார் மட்டும்' என்பார்கள். எங்களுக்கும் இதுவே திரும்பத் திரும்ப நடந்தது. அதனால் தளத்தை மட்டும் நம்பாமல் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஃபோன் செய்யுங்கள். வெறுமனே "அப்பொயின்ட்மென்ட் இருக்கிறதா" என்று கேட்டால் தனியார் நேரத்தைத் தந்துவிடுவார்கள். "என்எச்எஸ் நோயாளியாக, என்எச்எஸ் கட்டணத்தில்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். இடம் இல்லை என்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடச் சொல்லுங்கள், யாராவது கடைசி நேரத்தில் வராவிட்டால் கூப்பிடவும் சொல்லுங்கள். வீட்டுக்கு அருகில் கிடைக்காவிட்டால் பத்து மைல் தள்ளியும் பாருங்கள். பஸ் காசு தனியார் பில்லை விட எப்போதும் குறைவு.

ஆங்கிலம் கஷ்டமென்றால், நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். என்எச்எஸ் சிகிச்சையில் அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மறித்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வேர்ச் சிகிச்சைக்குச் சம்மதமா என்பதைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது.

பதிந்த நேரத்துக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். என்எச்எஸ் நேரத்துக்கு வராததற்காக அபராதம் கேட்க முடியாது. ஆனால் உங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடத்தை அப்படி இழக்காதீர்கள்.

5. ரிசப்ஷனில் கையொப்பமிடும் இடம்

உள்ளே போனதும் ஒரு படிவம் தருவார்கள். பல இடங்களில் இப்போது அது ஒரு டப்லட் திரை. பெயர், பிறந்த தேதி, முகவரி. அடுத்த திரையில் சின்னச் சதுரங்கள் வரிசையாக வரும்: யூனிவர்சல் கிரெடிட், இன்கம் சப்போர்ட், எச்.சி.2, எச்.சி.3, கர்ப்பிணி, இன்னும் சில. பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள், ரிசப்ஷனில் இருப்பவர் "பெனிஃபிட் எடுக்கிறீர்களா? அப்படியானால் இதில் தட்டுங்கள்" என்று விரலை நீட்டுவார். கீழே விரலால் கையொப்பம் போட்டுவிட்டு உள்ளே போய்விடலாம். யாரும் எதையும் சரிபார்க்க மாட்டார்கள்.

சரிபார்ப்பது பிறகு நடக்கும். தகுதியில்லாமல் தட்டியிருந்தால் வீட்டுக்குக் கடிதம் வரும்: கட்ட வேண்டிய கட்டணத்தோடு 100 பவுண் வரை அபராதம். 28 நாளில் கட்டாவிட்டால் இன்னும் 50 வரை. "அவர்தான் தட்டச் சொன்னார்" என்று சொல்லித் தப்ப முடியாது. கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

ஆகவே எச்.சி.2 கையில் இல்லாமல் எச்.சி.2 சதுரத்தைத் தட்டாதீர்கள். 'விண்ணப்பித்திருக்கிறேன், வந்துவிடும்' என்பது தகுதி ஆகாது. சான்றிதழில் உள்ள பெயர்களையும் தொடக்க, முடிவுத் தேதிகளையும் பாருங்கள். சிகிச்சை தொடங்கும் நாள் அதற்குள் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கட்டணத்தைக் கட்டி, ரசீது வாங்கி, கீழே 7ஆம் பகுதியில் சொல்லும் வழியில் திரும்பப் பெறுங்கள். தகுதியிருந்தும் அபராதக் கடிதம் வந்தால் அதை ஒதுக்கி வைக்காமல், அதில் உள்ள இலக்கத்துக்கு உடனே பேசிச் சான்றை அனுப்புங்கள்.

6. நாற்காலியில் இருக்கும்போது

வைத்தியர் வாயைப் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். "இது எந்தப் படி? என்எச்எஸ்ஸா, தனியாரா?" என்று அங்கேயே கேளுங்கள். ஒரே சுற்றில் இரண்டையும் கலந்து செய்யலாம். அப்போது எது எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் திட்டம் தர வேண்டும். அதை வாங்காமல் தலையாட்டாதீர்கள்.

தனியார் பக்கம் தள்ளப்படும் வழக்கமான இடங்கள் மூன்று: பின்பக்கக் கடைவாய்ப்பல்லுக்கு வெள்ளை அடைப்பு, ஹைஜீனிஸ்ட்டிடம் பல் சுத்தம், இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்). அழகுக்காக மட்டும் செய்வதற்கு என்எச்எஸ் பொறுப்பல்ல, அது நியாயம். ஆனால் பல் நலத்துக்கு அவசியமானதை என்எச்எஸ் கட்டணத்திலேயே செய்ய வேண்டும். வேர்ச் சிகிச்சை தேவை என்று சொல்லிவிட்டு, 'அது தனியாரில்தான் செய்வோம்' என்றால், ஏன் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் உங்கள் பகுதி என்எச்எஸ் சேவைகளுக்குப் பொறுப்பான இன்ரகிரேட்டட் கெயார் போர்டுக்கு முறையிடலாம்.

வேலை சிக்கலானது என்றால் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். லண்டனில் கைஸ், கிங்ஸ், ரோயல் லண்டன் ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு. ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, கட்டுப்பல்லுக்கும் பிரிட்ஜுக்கும் மட்டும் கேட்கலாம். மேற்பார்வையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சையும் உண்டு. நேரம் கூடுதலாக எடுக்கும், பல தடவை போக வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்ப்பார். நேரம் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம்.

ஊருக்குப் போகும்போது குறைந்த செலவில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. கட்டுப்பல் போன்றவற்றுக்கு அது சரிவரலாம். சீழ் வைத்த பல் அதுவரை காத்திருக்காது.

7. ஏற்கெனவே காசு கட்டியிருந்தால்

கட்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எச்.சி.5 என்ற படிவத்தில், பல்லுக்கான வகையை எடுத்து, திரும்பக் கேட்கலாம். அன்றைக்கு உங்களுக்குத் தகுதி இருந்திருக்க வேண்டும். எச்.சி.2 இன்னும் எடுக்கவில்லை என்றால் எச்.சி.1ஐயும் சேர்த்து அனுப்பலாம். ரசீது கட்டாயம். வங்கி அட்டையால் கட்டிய சின்னத் துண்டு போதாது. என்எச்எஸ் சிகிச்சை என்றும் எந்தப் படி என்றும் தெரியும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். தனியாராகச் செய்த வேலைக்கு ஒரு பென்ஸும் திரும்ப வராது.

8. திடீரென வலி வந்தால்

உங்களுக்கு ஒரு பல் வைத்தியர் இருந்தால் காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே அழையுங்கள், அவசர நேரங்கள் அப்போதுதான் இருக்கும். இல்லாவிட்டால் என்எச்எஸ் உதவி எண்ணான 111ஐ அழையுங்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்: "தமிழ்" என்று சொல்லிவிட்டு இணைப்பை வெட்டாமல் காத்திருங்கள். எவ்வளவு நாளாக வலி, வீக்கம் உண்டா, காய்ச்சல் உண்டா, தூங்க முடிகிறதா, என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள், எவ்வளவு அவசரம் என்பதை உங்கள் பதிலை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அவசர நேரத்தில் வலியை மட்டும் அடக்குவார்கள், தற்காலிகமாக அடைப்பார்கள், தேவையென்றால் பிடுங்குவார்கள். அதற்கு முதல் படிக் கட்டணம். எச்.சி.2 இருந்தால் அதுவும் இல்லை, கூடவே எடுத்துப் போங்கள். மீதி வேலைக்குப் பிறகு தனிச் சுற்று, தனிக் கட்டணம்.

ஜி.பி.யிடம் பல்லுக்குப் போய்ப் பயனில்லை, பல் வைத்தியரிடம்தான் திருப்பி அனுப்புவார். ஆனால் முகம் வீங்கி, அந்த வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், வாய் திறக்க முடியாமல் போனால், நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவான ஏ அண்ட் இ-க்குப் போங்கள், இல்லையேல் 999ஐ அழையுங்கள்.